பணிவான குரலில் சொல்லப்பட்ட பொய்: ‘ஃபார்கோ’ குறித்து ரசிகர்களின் வாதங்கள் ஏன் ஓயவில்லை?

கறுப்புத் திரையில் சில வரிகள் தோன்றுகின்றன. இது உண்மைக் கதை என்று முதல் வரி சொல்கிறது. நிகழ்வுகள் 1987இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்தவை என்றும், உயிரோடு எஞ்சியவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டிருக்கின்றன என்றும், இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதையாக மற்றவையெல்லாம் நடந்தது நடந்தபடியே சொல்லப்பட்டிருக்கின்றன என்றும் அடுத்தடுத்த வரிகள் தெரிவிக்கின்றன. அதன்பின் திரை மெல்ல வெளுக்கிறது. வானம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாத பனிவெளியிலிருந்து ஒரு கார், பின்னால் இன்னொரு காரை இழுத்தபடி, நம்மை நோக்கி வருகிறது. ஜோயல் கோயன், ஈத்தன் கோயன் என்ற சகோதரர்கள் 1996இல் வெளியிட்ட ‘ஃபார்கோ’ இப்படித்தான் தொடங்குகிறது. அந்த முதல் வரி பொய்.

ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும் இந்தப் படத்தைப் பற்றி ரசிகர்கள் கூடும்போதெல்லாம் ஏறக்குறைய அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப எழுகின்றன. இது எங்கேனும் நடந்ததா? கதைக்குச் சம்பந்தமில்லாத பள்ளித் தோழன் ஒருவன் நடுவில் வந்து அழுதுவிட்டுப் போகிறானே, அந்தக் காட்சி எதற்கு? பனியில் புதைத்த பணம் என்ன ஆயிற்று? இதைப் பார்த்துச் சிரிப்பது சரியா? இவை தனித்தனிக் கேள்விகள்போலத் தோன்றினாலும் எல்லாமே அந்த முதல் வரியின் கிளைகள் என்பது என் எண்ணம். படத்துக்குள் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பணிவான குரலில் பொய் சொல்லிக்கொள்கிறார்கள். படமும் நம்மிடம் அதே குரலில்தான் பேசத் தொடங்குகிறது.

கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. மினியாபொலிஸ் நகரில் மாமனாரின் கார் விற்பனை நிலையத்தில் மேலாளராக இருக்கும் ஜெரி லண்டகார்ட் கடனில் மூழ்கியிருக்கிறான். இல்லாத கார்களை இருப்பதாகக் காட்டி ஒரு கடன் நிறுவனத்திடம் 3,20,000 டாலர் கடன் வாங்கியிருக்கிறான். மனைவி ஜீனை ஆள் வைத்துக் கடத்தினால் பணக்கார மாமனார் வேட் மீட்புத் தொகை கொடுப்பார், அதில் பெரும்பங்கைத் தானே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவன் திட்டம். கார்ல், கேயர் என்ற இரண்டு குற்றவாளிகளை அவன் அமர்த்துகிறான். கடத்தல் நடந்த அன்றிரவே பிரெய்னர்ட் என்ற சிற்றூரின் அருகே நெடுஞ்சாலைக் காவலர் ஒருவரும், அவ்வழியாக வந்த இருவரும் கொல்லப்படுகிறார்கள். அவ்வூர்க் காவல்துறையின் தலைவரான மார்ஜ் குண்டர்சன், ஏழு மாதக் கர்ப்பிணி, விசாரணையைத் தொடங்குகிறார். கதை முடிவதற்குள் ஏழு பேர் இறந்துவிடுகிறார்கள்.

இதை நியோ நுவார் வகைக் குற்றப்படம் என்று சொல்வது வழக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சு விமர்சகர்கள் ஹாலிவுட்டின் இருண்ட குற்றப்படங்களைக் கண்டு ‘கறுப்புப் படம்’ என்று பெயரிட்டார்கள். இரவு, மழையில் நனைந்த தெரு, நிழல் விழுந்த முகம், ஆசைப்பட்டுத் தவறு செய்து அதிலேயே அழியும் சாமானிய மனிதன் ஆகியவை அவ்வகையின் அடையாளங்கள். பிற்காலத்து இயக்குநர்கள் அந்த அடையாளங்களைத் தெரிந்தே எடுத்து மாற்றிப் போட்டபோது அது நியோ நுவார் ஆயிற்று. கோயன் சகோதரர்களின் முதல் படமான ‘பிளட் சிம்பிள்’ 1984இல் டெக்சாஸ் மாநிலத்தைக் களமாக வைத்து வந்தது; அது இரவிலேயே நடக்கும் அசல் நுவார். ‘ஃபார்கோ’வில் அவர்கள் வண்ணத்தையே தலைகீழாக்கினார்கள். இங்கே ஆபத்து வெளிச்சத்தில் இருக்கிறது. ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் தொடுவானத்தை அழித்துவிடுவதால் பாத்திரங்கள் வெற்றுத்தாளில் விழுந்த மைத்துளிகள்போல நிற்கிறார்கள். மாமனாரிடம் பேசிய பேரம் முறிந்தபின் ஜெரி தன் காரை நோக்கி நடக்கும் காட்சி மிக உயரத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. பனி மூடிய வாகன நிறுத்துமிடத்தில் அவனுடைய கார் ஒன்றுதான் நிற்கிறது. அதை நோக்கி அவன் ஒரு புள்ளியாகத் தள்ளாடிச் செல்கிறான். அடுத்த கணம் காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டத் தொடங்குபவன் திடீரென்று வெறிபிடித்தாற்போல் சுரண்டியால் அடித்து, அதை வீசி எறிந்து, கைகால்களை உதறி, பிறகு வேறு வழியின்றிக் குனிந்து எடுத்து மறுபடி சுரண்டுகிறான். படம் முழுவதிலும் அவன் கோபத்தை மறைக்காத இடங்கள் மிகக் குறைவு. இங்கே அவனைப் பார்க்க யாரும் இல்லை என்பதால்தான் அது வெளியே வருகிறது.

முதல் வரியின் உண்மைக்கு வருவோம். படத்தின் இறுதியில் ஓடும் எழுத்துகளில், பாத்திரங்கள் யாவரும் கற்பனையே என்ற வழக்கமான அறிவிப்பு இடம்பெறுகிறது. ஆக, பொய்யை அவர்கள் ஒரு முனையில் சொல்லி மறுமுனையில் ஒப்புக்கொண்டும் இருக்கிறார்கள். அதுவரை இருக்கையில் அமர்ந்திருப்பவர்கள் சிலர் என்பதுதான் சிக்கல். கதையின் சில இழைகளுக்கு மெய்யான மூலம் உண்டு என்பதைக் கோயன்களே பின்னாளில் கூறியிருக்கிறார்கள். கார்களின் வரிசை எண்களைத் திருத்திக் கடன் நிறுவனத்தை ஏமாற்றிய ஒரு மோசடி, 1986இல் கனெக்டிகட் மாநிலத்தில் மனைவியைக் கொன்ற கணவன் உடலை அழிக்க மரக்கிளைகளை அரைத்துத் தள்ளும் இயந்திரத்தைப் பயன்படுத்திய வழக்கு என இரண்டையும் எடுத்து, தாங்கள் பிறந்து வளர்ந்த மினசோட்டாவில் ஒட்டவைத்தார்கள். மினசோட்டாக்காரர்கள் சிலருக்கு 1963இல் செயின்ட் பால் நகரில் வழக்கறிஞர் ஒருவர் கூலிக்கு ஆள் வைத்து மனைவியைக் கொல்லச் செய்த வழக்கும் நினைவுக்கு வருவதுண்டு. இந்த ஒப்பீடுகளைச் சேகரிப்பதில் ரசிகர்கள் காட்டும் உழைப்பு மதிக்கத்தக்கதுதான். ஆனால் எத்தனை வழக்குகளைத் தேடி எடுத்தாலும் ஜெரி, மார்ஜ், கார்ல் என்ற மனிதர்கள் யாரும் அவற்றில் கிடைக்க மாட்டார்கள்.

இத்தகைய ஏமாற்று படத்தின் விளிம்புகளிலும் உண்டு. படத்தொகுப்பாளர் என்று குறிக்கப்பட்டிருக்கும் ரோடரிக் ஜேன்ஸ் என்பவர் உலகில் இல்லை. அது சகோதரர்கள் இருவரும் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட புனைபெயர். அந்த இல்லாத மனிதர் ‘ஃபார்கோ’வுக்காக ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றார். பனிவயலில் சுடப்பட்டு விழும் வழிப்போக்கனின் பெயருக்கு நேரே ஒரு குறியீடு மட்டும் போடப்பட்டிருக்கிறது; மினியாபொலிசைச் சேர்ந்த பாடகர் பிரின்ஸ் அக்காலத்தில் தம் பெயருக்குப் பதிலாகப் பயன்படுத்திய குறியீட்டைப் படுக்கவைத்தாற்போன்றது அது. அதை வைத்துப் பிரின்ஸ்தான் நடித்தார் என்று ரசிகர்களிடையே நெடுநாள் பேச்சு இருந்தது. உண்மையில் அங்கே விழுந்து கிடப்பவர் படத்தின் காட்சிகளை முன்கூட்டி வரைந்து கொடுத்த ஓவியர் ஜே. டாட் ஆண்டர்சன்.

ஏன் இவ்வளவு பொய்? உண்மையில் நடந்தது என்று நம்பிவிட்ட பார்வையாளர், வேறு படத்தில் ஏற்காதவற்றையும் ஏற்றுக்கொள்வார் என்பது அவர்கள் தந்த விளக்கம். இதை வணிக உத்தியாக மட்டும் பார்த்தால் அதன் ஆழம் பிடிபடாது. குற்றப்படத்துக்கென்று எழுதப்படாத விதிகள் உண்டு. துப்பறிபவர் முதல் பத்து நிமிடத்தில் வர வேண்டும்; மார்ஜ் வருவதற்குள் படத்தில் மூன்றில் ஒரு பங்கு முடிந்துவிடுகிறது. பணம் கடைசியில் யார் கைக்காவது போய்ச்சேர வேண்டும், இங்கே போவதில்லை. வருகிறவர் எல்லோரும் கதையை நகர்த்த வேண்டும். இங்கே நகர்த்தாதவர்கள் நிறையப் பேர். கற்பனைக் கதை என்று தெரிந்தால் இவையெல்லாம் கைப்பிசகாகத் தோன்றும். உண்மைக் கதை என்று சொல்லிவிட்டால், வாழ்க்கை அப்படித்தானே என்று மனம் சமாதானம் அடைகிறது. நடந்ததுபோல் நடக்கும் உரிமையை அந்த ஒரு வரி கதைக்குப் பெற்றுத்தந்துவிடுகிறது.

அந்த வரியால் விளைந்ததாக உலகம் நம்பிய துயரம் ஒன்றும் உண்டு. அதைச் சொல்லும்போது கவனம் தேவை. 2001 நவம்பரில் டோக்கியோவிலிருந்து வந்த இளம்பெண் ஒருவர் மினசோட்டாவின் டெட்ராய்ட் லேக்ஸ் என்ற ஊருக்கு அருகே இறந்து கிடந்தார். படத்தில் புதைக்கப்பட்ட பணத்தை மெய்யென்று நம்பித் தேடி வந்தவர் என்று நாளிதழ்கள் எழுதின. சில நாட்களுக்கு முன் அவரைச் சந்தித்த காவலருக்கும் அவருக்கும் பொதுமொழி இல்லாததால் ஏற்பட்ட தவறான புரிதலே அந்தச் செய்தியின் வேர் என்பதும், அது அவரே தேடிக்கொண்ட முடிவு என்பதும், அதற்கும் அந்தப் பணத்துக்கும் தொடர்பில்லை என்பதும் பின்னர் வந்த ஆவணப்படத்தால் தெளிவாயின. ஆனால் பொய்யான செய்திதான் பரவியது. 2014இல் வேறொரு சகோதரர் இணையான ஸெல்னர்கள் அந்த வதந்தியைத் தழுவி ஒரு புனைகதைப் படமே எடுத்தார்கள். அப்பெண்ணின் சாவை இன்றும் வேடிக்கைத் தகவலாகப் பகிர்பவர்களைக் காணும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. படத்தின் பொய்யை அவர் நம்பவில்லை. அவரைப் பற்றிய பொய்யை நாம்தான் நம்பினோம்.

இனிப் படத்துக்குள் போகலாம். மினசோட்டாவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்வே, சுவீடன் நாட்டுக் குடியேறிகள் பெருந்தொகையாக வந்து தங்கினார்கள். லண்டகார்ட், குண்டர்சன், கஸ்டாஃப்சன் என்ற பெயர்களிலும், கார்ட்டர் பர்வெல் தலைப்பிசைக்கு எடுத்துக்கொண்ட, காணாமற்போன ஆட்டைப் பற்றிய நார்வே நாட்டுப்புற மெட்டிலும் அந்த வம்சாவளி ஒலிக்கிறது. பேச்சும் அப்படியே. ‘யா’ என்ற ஒற்றை ஒலியை ஆமாம், சரி, அப்படியா, பேச்சை முடித்துக்கொள்வோம் என்று பத்து விதமாகச் சொல்கிறார்கள். எவரையும் நேராக மறுக்காமல், குரலை உயர்த்தாமல், முகத்தில் புன்னகை மாறாமல் இருப்பதை ‘மினசோட்டா நைஸ்’ என்று அமெரிக்காவில் குறிப்பிடுவார்கள். வசனவரிகளை வாசித்துப் படம் பார்க்கும் நமக்கு இந்த ஓசையில் பாதி நழுவிவிடுகிறது. வரிகளில் தகவல் மட்டும்தான் வருகிறது, தயக்கம் வருவதில்லை. இரண்டாம் முறை பார்க்கும்போது வசனவரிகளை நிறுத்திவிட்டுக் குரல்களை மட்டும் கேட்டுப் பாருங்கள் என்று நண்பர்களிடம் நான் சொல்வதுண்டு. பேசுபவர்கள் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பது அப்போதுதான் காதில் விழுகிறது.

ஜெரியின் தொழிலே இந்தப் பணிவை விற்பதுதான். ஆரம்பத்தில் ஒரு வாடிக்கையாளரும் அவர் மனைவியும் வாங்கிய காருக்குப் பணம் கொடுக்க வருகிறார்கள். வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்த ஒரு பூச்சுக்கும் சேர்த்து விலை போடப்பட்டிருக்கிறது. அது தொழிற்சாலையிலேயே போட்டு வருவது, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஜெரி இழுக்கிறான். சண்டை முற்றவே, மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று பக்கத்து அறைக்குப் போகிறான். அங்கே அவன் கேட்பது விளையாட்டுப் போட்டிக்கு நுழைவுச்சீட்டு கிடைக்குமா என்பதைத்தான். திரும்பி வந்து, இதுவரை யாருக்கும் செய்ததில்லை, உங்களுக்காக நூறு டாலர் குறைக்கச் சொல்லியிருக்கிறார் என்கிறான். வாடிக்கையாளர் கொதிக்கிறார். அவர் வாயிலிருந்து வசைச்சொல் வருவதற்குள் அவர் படும் பாடு, பழக்கமில்லாத வேலையைச் செய்பவரின் பாடு. ஏமாற்றியவன் பணிவாக இருக்கிறான், ஏமாந்தவர்தான் கூச்சப்படுகிறார். முழுப் படமும் இந்தச் சின்னக் காட்சிக்குள் அடங்கியிருக்கிறது.

இன்னோர் இடம். மனைவி கடத்தப்பட்ட அன்று ஜெரி வீட்டுக்கு வருகிறான். கதவு உடைந்திருக்கிறது, பொருள்கள் சிதறிக் கிடக்கின்றன. காமிரா வெறும் அறையைக் காட்டிக்கொண்டிருக்க, அவனுடைய பதறிய குரல் மாமனாரை அழைத்துச் செய்தி சொல்வது கேட்கிறது. சற்றே நின்று, மறுபடி அதே வாக்கியம் வேறு ஏற்ற இறக்கத்தோடு வருகிறது. அவன் ஒத்திகை பார்க்கிறான் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. பிறகே தொலைபேசியை எடுக்கிறான். வில்லியம் மேசியின் நடிப்பில் இந்த நொடி அச்சுறுத்துவது எதனால் என்றால், ஒத்திகையில் ஒலித்த கலக்கம் நடிப்பாகத் தோன்றவில்லை. தன் மனைவிக்காகக் கலங்கக்கூடிய மனிதன் அவனுக்குள் எங்கோ இருக்கிறான், அவனைக் கருவியாக எடுத்துக்கொண்டே அவன் இதைச் செய்கிறான்.

இவ்வளவு பொய்களுக்கு நடுவில்தான் மார்ஜ் வருகிறார். பிரான்சிஸ் மெக்டார்மண்டுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்காரைப் பெற்றுத்தந்த பாத்திரம் இது. பனியில் கவிழ்ந்த காருக்கு அருகே குனிந்து தடங்களைப் பார்த்து, சுட்டவன் எங்கே நின்றான், எவ்வளவு பெரிய ஆள், யாரைத் துரத்தினான் என்று ஒரே மூச்சில் நடந்ததை மறுகட்டமைக்கிறார். நடுவில் குமட்டல் வந்து தலையைத் தாழ்த்திக்கொள்கிறார். உதவியாளர் பதறினால், அது காலை நேரத்து மசக்கை என்கிறார், அது நின்றதும் மறுபடி பசிக்கிறது என்கிறார். தடயங்களை வாசிப்பதில் அவருக்கு நிகர் இல்லை. மனிதர்களை வாசிப்பதில்தான் அவருக்கு ஒரு குறை இருக்கிறது. நல்லவர் என்பதால் எதிரே இருப்பவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறார். ஜெரியை முதல் முறை சந்தித்தபோது, கார் எதுவும் காணாமற்போகவில்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு அவர் கிளம்பிவிடுவது அதனால்தான்.

ரசிகர்கள் ஓயாமல் வாதிடும் மைக் யானகிடா காட்சி இங்கேதான் வருகிறது. பள்ளித் தோழனான மைக், மினியாபொலிசில் ஓர் உணவகத்தில் மார்ஜைச் சந்திக்கிறான். அளவுக்கு மீறி நெருங்கி உட்காரப் பார்க்கிறான்; மார்ஜ் மென்மையாக, ஆனால் உறுதியாக, அவனை எதிர்ப்பக்க இருக்கைக்கு அனுப்புகிறார். உடன் படித்த லிண்டாவை மணந்ததாகவும், அவள் இரத்தப் புற்றுநோயில் இறந்ததாகவும் சொல்லி உடைந்து அழுகிறான். மறுநாள் வேறொரு தோழியோடு தொலைபேசியில் பேசும்போது மார்ஜுக்கு உண்மை தெரிகிறது. மைக் லிண்டாவை மணக்கவே இல்லை. அவளைத் தொடர்ந்து தொல்லை செய்தவன். அவள் உயிரோடுதான் இருக்கிறாள். மார்ஜ் திகைத்துப் போகிறார்.

இக்காட்சியை வெட்டியிருந்தால் படத்துக்கு ஒன்றும் குறைந்திராது என்பது ஒரு தரப்பு. மார்ஜின் தனிவாழ்வுக்கு ஒரு சாளரம் மட்டுமே அது, அதற்குமேல் தேடக் கூடாது என்பது இன்னொரு தரப்பு. மூன்றாவது வாசிப்பு நெடுங்காலமாக ரசிகர்களிடையே வலுப்பெற்றிருக்கிறது. நானும் அதன் பக்கமே நிற்கிறேன். அந்தத் தொலைபேசி உரையாடலுக்குப் பின் ஊருக்குக் கிளம்ப வேண்டிய மார்ஜ், ஜெரியின் விற்பனை நிலையத்துக்கே திரும்புகிறார். அவருக்குப் புதிய தடயம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பது ஓர் அறிவு மட்டுமே: கண்ணீர் விட்டு, மரியாதையாக, முகம் பார்த்து ஒருவன் முழுப்பொய்யைச் சொல்ல முடியும். அந்த அறிவோடு ஜெரியின் முன் அமர்கிறார். கார்களைச் சரிபார்த்தீர்களா என்ற சாதாரணக் கேள்விக்கு ஜெரி சீறுகிறான். தன்னிடம் சிடுசிடுக்க அவனுக்குக் காரணமில்லை என்று மார்ஜ் அமைதியாகச் சொல்கிறார். எண்ணிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தொப்பியும் மேலங்கியும் அணிந்து வெளியேறுபவன், அடுத்த நிமிடம் சாளரத்துக்கு வெளியே காரில் தப்பி ஓடுவது தெரிகிறது. திரைக்கதை இந்தத் தொடர்பை எங்கும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் இத்தனை ஆண்டு வாதம் இருந்திராது. மார்ஜின் மனத்துக்குள் நடந்ததை நாமே கண்டுபிடிக்கும் மகிழ்ச்சியும் இருந்திராது.

இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மைக் அழும்போது நாமும் நம்பினோம். உண்மைக் கதை என்ற முதல் வரியையும் நம்பினோம். மார்ஜ் ஏமாறும் அதே முறையில் நம்மையும் ஏமாற்றி, அவர் விழித்துக்கொள்ளும்போது நம்மையும் விழிக்கச் செய்வதுதான் படத்தின் கட்டுமானம். ‘பிளட் சிம்பிள்’ படத்தில் ஒவ்வொருவரும் மற்றவரைத் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். என்ன நடந்தது என்பதை முழுமையாக அறிந்தவர் யாரும் எஞ்சுவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே சகோதரர்கள், பொய்யைக் கேட்டறியக் கற்றுக்கொள்ளும் ஒருவரை எழுதினார்கள். அவர்களிடம் நேர்ந்த வளர்ச்சியாகவே இதை நான் பார்க்கிறேன்.

பணத்தைப் பற்றிய விவாதம் எளிதில் முடியக்கூடியது. குற்றவாளிகளிடம் மீட்புத் தொகை 80,000 டாலர் என்று சொன்ன ஜெரி, மாமனாரிடம் பத்து இலட்சம் என்றான். பையைத் திறந்து பார்த்த கார்ல் மலைத்துப்போய், கூட்டாளிக்குக் காட்ட வேண்டிய 80,000ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மீதி 9,20,000 டாலரை வேலியோரம் பனியில் புதைக்கிறான். அடையாளத்துக்கு இடமும் வலமும் பார்க்கிறான். இரு பக்கமும் ஒரே மாதிரியான வேலி, ஒரே மாதிரியான பனி. கையிலிருந்த சிறு பனிச்சுரண்டியை நட்டுவிட்டுப் போகிறான். திரும்பி வந்து ஒரு காரை யார் எடுத்துக்கொள்வது என்ற தகராறில் கேயரின் கோடரிக்கு இரையாகிறான். ஒன்பது இலட்சத்துக்கு மேல் மண்ணில் வைத்திருந்தவன் பாதிக் காரின் விலைக்காகச் செத்தான் என்பதை மார்ஜ் அறியவே இல்லை. கேயரைக் காரில் ஏற்றிச் செல்லும்போது, இவையெல்லாம் கொஞ்சம் பணத்துக்காகவா, நாளும் இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று அவர் சொல்வது இதனால்தான் இன்னும் கனக்கிறது. பணத்தின் பெரும்பகுதி பனிக்கடியில் இருப்பது நமக்கு மட்டுமே தெரியும். பெயரைப் பொறுத்தவரை, ஃபார்கோ வடக்கு டகோட்டாவில் இருக்கும் ஊர். கதையில் அது முதல் சந்திப்புக்கு மட்டுமே வருகிறது, படப்பிடிப்பும் அங்கே நடக்கவில்லை. பிரெய்னர்டைவிட அப்பெயர் காதுக்கு நன்றாக இருந்தது என்பதே காரணம். இப்போது அந்த ஊரின் பயணிகள் மையத்தில் படத்தில் கேயர் கார்லின் உடலை அழிக்கப் பயன்படுத்தும் மரக்கிளை அரைக்கும் இயந்திரம் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

சிரிப்பைப் பற்றிய கேள்வி இவ்வளவு எளிதன்று. மினசோட்டாவாசிகள் சிலர் தங்கள் பேச்சைக் கேலி செய்ததாக அக்காலத்தில் மனம் வருந்தினார்கள். அந்தக் குற்றச்சாட்டை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை, ஏனெனில் படத்தின் மிகக் கூர்மையான அறிவும் மிகத் தூய்மையான அன்பும் அதே பேச்சில்தான் வருகின்றன. எனக்கு உறுத்தல் ஜீனிடம்தான். ஏரிக்கரை மறைவிடத்தில், தலையில் துணி மூடப்பட்டு, கைகள் கட்டப்பட்ட நிலையில் அவள் பனியில் தப்பி ஓடப் பார்க்கிறாள். கண் தெரியாமல் திசைமாறித் தடுமாறி விழுகிறாள். அதைக் கண்டு கார்ல் விழுந்து விழுந்து சிரிக்கிறான். திரையரங்கிலும் சிரிப்பு எழும் இடம் அது. கார்லின் சிரிப்பை நமக்குக் கண்ணாடியாகக் காட்டி, நாம் யாரோடு சேர்ந்து சிரிக்கிறோம் என்று படம் கேட்கிறது என்பார்கள் ஆதரவாளர்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் ஜீனுக்கு என்று ஒரு மனம், ஒரு பேச்சு, ஒரு முடிவு எதையும் படம் கொடுக்கவில்லை. அவளுடைய சாவுகூடத் திரைக்கு வெளியே நடக்கிறது. வாடிக்கையாளருக்கும் வழியில் வந்த தோழனுக்கும் முழு மனிதரின் உருவத்தைக் கொடுத்தவர்கள் இவளுக்கு அதைக் கொடுக்காமல் விட்டது இந்தப் படத்தின் மெய்யான குறை என்றே கருதுகிறேன்.

கடைசிக் காட்சியில் மார்ஜும் கணவர் நார்மும் படுக்கையில் இருக்கிறார்கள். நார்ம் வாத்துகளை வரைபவர். அஞ்சல்தலைக்கான போட்டிக்கு ஓவியம் அனுப்பியிருந்தார். முடிவு வந்துவிட்டது. அவருடைய வாத்து மூன்று சென்ட் தலைக்குத் தேர்வாகியிருக்கிறது. 29 சென்ட் தலையை ஹாட்மன் வென்றுவிட்டார். ஹாட்மன் என்பது மினசோட்டாவின் மெய்யான ஓவியச் சகோதரர்களின் பெயர். 29 சென்ட் என்பதோ 1987க்குப் பொருந்தாத எண். அவ்வாண்டில் அமெரிக்காவில் சாதாரணக் கடிதத்துக்கான கட்டணம் 22 சென்ட்தான். நடந்தது நடந்தபடி என்று உறுதி கூறிய படம் தன் கடைசி நிமிடத்தில் இவ்வாறு தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. மூன்று சென்ட் தலையை யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை என்று நார்ம் சோர்கிறார். கட்டணம் உயரும்போது, கையில் பழைய தலைகள் மீந்திருப்பவர்களுக்குச் சின்னத் தலைகள்தானே வேண்டும் என்கிறார் மார்ஜ். அவர் சொன்னது ஆறுதலுக்காகச் சொன்ன பொய்யன்று. படப்பிடிப்பு நடந்த 1995இன் தொடக்கத்தில் அமெரிக்க அஞ்சல் கட்டணம் 29 சென்ட்டிலிருந்து 32 சென்ட் ஆயிற்று. பழைய தலையை வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் அதன் பக்கத்தில் ஒட்ட மூன்று சென்ட் தலை ஒன்று தேவைப்பட்டது. நார்ம் தன் கையை மார்ஜின் வயிற்றின்மேல் வைக்கிறார். இன்னும் இரண்டு மாதம் என்கிறார். இன்னும் இரண்டு மாதம் என்று மார்ஜும் சொல்கிறார்.